இடிந்த வீட்டுக்கு என்ன விலை?

2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை ஏறியது. மறுநாள் காலைக்குள் மயிலத்தில் மட்டும் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டித் தீர்த்தது. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்டது. தென்பெண்ணை கரை புரண்டது. அரசூரில் சென்னை-திருச்சி பெருஞ்சாலையே தண்ணீரில் மூழ்கிப் போக்குவரத்து நின்றது. திண்டிவனம், மயிலம், மரக்காணம், விக்கிரவாண்டி, விழுப்புரம், திருவெண்ணெய்நல்லூர் என்று வட்டாரம் வட்டாரமாகக் கூரைகள் சரிந்தன, மண்சுவர்கள் கரைந்தன, ஓடுகள் பறந்தன.

புயல் போய்விட்டது. தண்ணீரும் வடிந்துவிட்டது. ஆனால் தண்ணீர் வடிந்த தெருவில் அடுத்தபடியாக வந்து நிற்பவர் யார்? சர்க்கார் அதிகாரி ஒருமுறை வருகிறார், எழுதிக்கொண்டு போகிறார். தரகரோ பலமுறை வருகிறார். "இந்த இடிஞ்ச வீட்டை வெச்சிக்கிட்டு என்ன செய்யப் போறீங்க? ரிப்பேர் பண்ண மூணு லட்சம் ஆகும். இருக்கறபடியே குடுத்துடுங்க. வந்த விலைக்குத் தள்ளிடுங்க" என்று பரிவோடு பேசுகிறார். இந்தப் பரிவைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறோம்.

பழுதுபட்ட வீட்டைப் பழுது பார்க்காமல் விற்கலாமா, கூடாதா? இது வெறும் குடும்ப விஷயம் என்று சிலர் நினைக்கலாம். அல்ல. ஆலைத் தொழிலாளிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் வாழ்நாள் முழுவதும் உழைத்துச் சேர்த்த சொத்து என்று ஒன்று இருந்தால், அது இரண்டு சென்ட், மூன்று சென்ட் மனையும் அதன்மேல் நிற்கும் நாலு சுவரும்தான். அது கைமாறும்போது ஏமாந்தால், ஒரு தலைமுறை உழைப்பு ஒரே கையெழுத்தில் போய்விடுகிறது. ஆகவே இதை ஒவ்வொரு தொழிலாளியும் கணக்குப் போட்டுப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

விலை வீட்டுக்கா, மனைக்கா?

தரகர் வீட்டைச் சுற்றி வருகிறார். சுவரில் விரிசலைக் காட்டுகிறார். தளத்தில் காரை பெயர்ந்து கம்பி தெரிவதைக் காட்டுகிறார். கதவு நிலை உளுத்துப் போனதைத் தட்டிக் காட்டுகிறார. ஒவ்வொரு குறைக்கும் ஐம்பதாயிரம் குறைக்கிறார். நம் ஆட்களும் தலை குனிந்து கேட்டுக்கொள்கிறார்கள்.

ஒன்றே ஒன்றை அவரிடம் கேட்க வேண்டும்: "ஐயா, இதை வாங்கி நீங்கள் குடியிருக்கப் போகிறீர்களா, இடிக்கப் போகிறீர்களா?"

இடித்துவிட்டு மனையாக விற்கப் போகிறவருக்கு, அல்லது கடை கட்டப் போகிறவருக்கு, விரிசல் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? இடிக்கப் போகிற சுவரில் உள்ள விரிசலுக்கு விலை குறைப்பது எந்த ஊர் நியாயம்? திண்டிவனம் இன்று வெறும் சந்தை ஊர் அல்ல. சென்னையிலிருந்து வரும் பெருஞ்சாலை அங்கேதான் புதுச்சேரிக்கும் திருவண்ணாமலை, கிருஷ்ணகிரிப் பக்கமும் பிரிகிறது. சிப்காட் தொழிற்பூங்கா வந்திருக்கிறது. விழுப்புரம் ஐந்து திசையிலிருந்து ரயில் வந்து கூடும் சந்திப்பு. அங்கிருந்து நாகப்பட்டினம் வரை நான்குவழிச் சாலைக்கு நிலம் எடுத்தார்கள். இப்படிப்பட்ட இடத்தில் வாங்குகிறவன் கண் சுவரின்மேல் இல்லை. சுவருக்குக் கீழே உள்ள மண்ணின்மேல் இருக்கிறது. ஆனால் பேச்சு மட்டும் சுவரைப் பற்றி!

ஒரு கணக்குப் போடுவோம்

கணக்குக்காக ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மூன்று சென்ட் மனை. அந்தத் தெருவில் காலிமனை சென்ட் 2 லட்சம் ரூபாய் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மனை மதிப்பு 6 லட்சம். கட்டடம் நல்ல நிலையில் இருந்தால் அதற்கு 4 லட்சம். ஆக, பழுதில்லாத வீடு 10 லட்சம். புயலில் அடிபட்டபின் சீர்செய்ய 3 லட்சம் ஆகும் என்று கொத்தனார் சொல்கிறார். தரகர் கேட்பது நாலரை லட்சம்.

முதல் வழி: இருக்கிறபடியே, குடியிருக்க வருகிற ஒருவருக்கு விற்பது. 10 லட்சத்தில் பழுதுக்கு 3 லட்சம் போனால் 7 லட்சம். பழுது பார்க்கும் சிரமத்துக்கும் காலத்துக்கும் அவர் இன்னும் அரை லட்சம் குறைத்தாலும் ஆறரை லட்சம் நிற்க வேண்டும்.

இரண்டாவது வழி: இடிக்கப் போகிறவருக்கு விற்பது. மனை 6 லட்சம். இடித்து அள்ள அரை லட்சம் செலவு என்றால் ஐந்தரை லட்சம். அதிலும் பழைய செங்கல், மரச்சட்டம், கதவு, ஜன்னல் கம்பி, ஓடு எல்லாம் காசு. அவற்றை நாமே எடுத்துக்கொள்வோம் என்று பேசலாம். இல்லையென்றால் அதற்கும் விலை கேட்கலாம்.

மூன்றாவது வழி: கடன் வாங்கிப் பழுது பார்த்து 10 லட்சத்துக்கு விற்பது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 3 லட்சம் எங்கிருந்து வரும்? லேவாதேவிக்காரரிடம் நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டி என்றால் மாதம் 9,000 ரூபாய். வேலை முடிந்து ஆள் கிடைத்துக் கிரயம் ஆக ஒரு வருஷம் பிடித்தால் வட்டி மட்டும் 1,08,000 ரூபாய். 10 லட்சத்தில் அசலும் வட்டியும் போக மிஞ்சுவது 5,92,000 ரூபாய். அதாவது, ஒரு வருஷம் அலைந்து, கடன்காரன் வாசலில் நின்று, கடைசியில் கையில் நிற்பது பழுது பார்க்காமல் விற்றிருந்தால் கிடைக்கும் ஆறரை லட்சத்தைவிடக் குறைவு! கூட்டுறவுச் சங்கத்திலோ பாங்கியிலோ வருஷத்துக்கு நூற்றுக்கு 12 வட்டியில் கிடைத்தால் வட்டி 36,000, மிஞ்சுவது 6,64,000. அப்போதும் பெரிய லாபம் ஒன்றுமில்லை.

இந்தக் கணக்கு சொல்வது என்ன? விற்பது என்று முடிவு செய்துவிட்ட வீட்டுக்குக் கந்துவட்டி வாங்கிப் பழுது பார்ப்பது முட்டாள்தனம். பழுதோடு விற்பதில் வெட்கப்பட ஏதுமில்லை. ஆனால் பழுதைச் சாக்காக வைத்து நாலரை லட்சத்துக்குக் கேட்பது பகல் கொள்ளை. ஐந்தரை லட்சம் நமது தரைமட்டம். அதற்குக் கீழே ஒரு ரூபாயும் இறங்கக் கூடாது. உங்கள் தெருவில் தொகை வேறாக இருக்கும். கணக்குப் போடும் முறை இதுதான். முதலில் காலிமனையின் விலையைப் பக்கத்து மூன்று நாலு கிரயங்களிலிருந்து விசாரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு உங்களுக்குத் தெரிந்த கொத்தனாரையே கூப்பிட்டுப் பழுதுச் செலவைத் தாளில் எழுதி வாங்குங்கள். தரகர் அழைத்து வரும் கொத்தனாரின் கணக்கு தரகருடைய கணக்கு.

எந்தப் பழுதைப் பார்க்கலாம்?

எல்லாப் பழுதும் ஒன்றல்ல. ஒழுகும் கூரை, உடைந்த ஓடு, அடைந்து கிடக்கும் மழைநீர்க் குழாய் ஆகியவை சில ஆயிரத்தில் முடிகிற வேலை. இவற்றைச் சரிசெய்யாமல் விட்டால் ஒவ்வொரு மழையிலும் சுவர் ஊறி, சிறிய பழுது பெரிய பழுதாகிறது. வாங்க வருகிறவரும் பத்தாயிரம் செலவுக்கு ஒரு லட்சம் குறைக்கிறார். நமது வீட்டிலேயே கொத்து வேலை, தச்சு வேலை தெரிந்த கை இருந்தால், கூலி மிச்சம். இப்படிப்பட்ட வேலையைச் செய்துவிடுவது நல்லது.

தளத்தில் கம்பி துருப்பிடித்துக் காரை உதிர்வது வேறு விஷயம். துருப்பிடித்த கம்பி பருக்கிறது. பருத்த கம்பி காங்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கிறது. மேலே சிமெண்ட் பூசினால் ஆறு மாதத்தில் மறுபடியும் பெயரும். மண்சுவரின் அடிப்பாகம் வெள்ளத்தில் ஊறியிருந்தால், மேலே சுண்ணாம்பு அடிப்பதால் சுவர் பலப்படாது. இவற்றை மூடி மறைக்கச் செலவழிப்பது பணத்தைத் தண்ணீரில் போடுவது. அதைவிட முக்கியம், அந்த வீட்டில் விற்கும்வரை குடியிருப்பது நம் குழந்தைகள். தலைக்கு மேலே தளம் தொங்கினால் அந்த அறையில் படுக்கவேண்டாம். முட்டுக் கொடுங்கள். விற்பனையைவிட உயிர் பெரிது.

மறைக்கலாமா?

சிலர் சொல்வார்கள்: "விரிசலை அடைத்து வர்ணம் பூசிவிட்டால் யாருக்குத் தெரியும்?" இந்த யோசனையை நாம் ஒருபோதும் ஏற்கக் கூடாது. நம்மிடம் வாங்க வருகிறவர் பல சமயம் நம்மைப் போன்ற இன்னொரு தொழிலாளிதான். தொழிலாளியைத் தொழிலாளி ஏமாற்றுவதா?

சட்டமும் இதையே சொல்கிறது. 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆவது பிரிவுப்படி, சொத்தில் உள்ள முக்கியமான குறை விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், அவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், விற்பவர் அதைச் சொல்லியாக வேண்டும். மறைத்தால் அதை மோசடியாகக் கருதச் சட்டம் இடம் தருகிறது. பின்னால் கோர்ட்டுக்கு இழுக்கப்பட்டு அலைவது யார்? நாம்தான்.

ஆகவே நல்ல வழி, வெளிப்படையான வழி. "2024 புயலில் வடக்குச் சுவர் விரிந்தது, தளம் ஒழுகுகிறது, வாங்குபவர் நேரில் பார்த்து, குறைகளை அறிந்து, இருக்கிறபடியே வாங்கச் சம்மதித்தார்" என்று ஒப்பந்தத்திலும் கிரயப் பத்திரத்திலும் எழுதிவிடுங்கள். நாலு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குறையைச் சொல்லி விற்றவனிடம் நாளைக்கு யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது. உண்மையை எழுதுவதே ஏழைக்குப் பாதுகாப்பு.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள், தோழர்களே. கூரை ஒழுகுவதை விற்பவன் சொல்ல வேண்டும் என்கிறது சட்டம். ஆனால் அடுத்த வருஷம் அந்த வழியாகச் சாலை வரப்போகிறது, மனை விலை இரட்டிப்பாகப் போகிறது என்பது வாங்குகிற பணக்காரருக்குத் தெரிந்திருந்தால், அதை விற்பவனிடம் சொல்லியாக வேண்டும் என்று அதே சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஏழைக்குத் தெரிந்ததை ஏழை சொல்ல வேண்டும். பணக்காரருக்குத் தெரிந்தது அவர் பையிலேயே இருக்கலாம்! ஆகவே நாம்தான் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். தாலுகா ஆபீசில், நகராட்சியில், நிலம் எடுக்கும் நோட்டீஸ் ஏதாவது உண்டா என்று கேளுங்கள். ஒருவர் தனியாகக் கேட்டால் விரட்டுவார்கள். தெருவாகப் போய்க் கேட்டால் பதில் வரும்.

நாலு கண்ணிகள்

முதல் கண்ணி, பவர் பத்திரம். "இப்போதைக்கு ஒரு லட்சம் வைத்துக்கொள்ளுங்கள், பவர் எழுதிக்கொடுங்கள், விற்றதும் மீதி" என்பார்கள். பவர் என்பது கிரயம் அல்ல. பவர் பத்திரத்தால் சொத்தின் உரிமை மாறிவிடாது என்று சுப்ரீம் கோர்ட் 2011இல் தெளிவாகவே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆனால் பவர் வாங்கியவர் அதை வைத்து ஒன்பது லட்சத்துக்கு வேறொருவருக்குக் கிரயம் செய்துவிட்டு, நம்மிடம் நாலரையோடு கணக்கை முடித்துவிடுவார். நடுவில் போன நாலரை லட்சம் யார் உழைப்பு? வாங்குகிறவரே வரட்டும், முழுப்பணத்தையும் கொடுத்துக் கிரயம் செய்துகொள்ளட்டும். 100 ரூபாய்க்கு மேற்பட்ட எந்த அசையாச் சொத்தும் பதிவான கிரயப் பத்திரத்தால்தான் மாறும்.

இரண்டாவது கண்ணி, கடனுக்குக் கிரயம். வீட்டைப் பழுது பார்க்கப் பணம் கேட்டுப் போகிறோம். லேவாதேவிக்காரர் அடமானம் எழுதுவதில்லை. சுத்தக் கிரயம் எழுதச் சொல்கிறார். "பணத்தைக் கட்டினதும் திருப்பி எழுதித் தந்துடறேன், என் வார்த்தையை நம்பமாட்டியா?" என்கிறார். வார்த்தை காற்றோடு போகும். திருப்பித் தரும் நிபந்தனை அதே பத்திரத்தில் எழுதப்பட்டிருந்தால்தான் சட்டம் அதை அடமானமாகப் பார்க்கும். 1929இல் செய்த திருத்தம் இது. நிபந்தனை வேறு தாளில் இருந்தாலோ, வாயோடு நின்றாலோ, வீடு போனது போனதுதான். கந்துவட்டியைத் தடுக்க 2003இல் தமிழகத்தில் சட்டம் வந்திருக்கிறது. ஆனால் கடன் என்று எந்தத் தாளிலும் எழுதாமல் கிரயம் என்று எழுதிக்கொண்டவர்மீது அந்தச் சட்டத்தை எப்படிப் பாய்ச்சுவது?

மூன்றாவது கண்ணி, கறுப்பும் வெள்ளையும். பத்திரத்தில் மூன்று லட்சம் போடுவோம், மீதி கையில் தருகிறோம் என்பார்கள். மீதி வராவிட்டால் கோர்ட் பத்திரத்தைத்தான் பார்க்கும். மேலும், சில விலக்குகள் தவிர, மனை, வீடு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டம் 2015 முதல் விதித்திருக்கிறது. மீறினால் அபராதம், கொடுத்தவருக்கு அல்ல, வாங்கியவருக்கு! அதுவும் வாங்கிய தொகை அளவுக்கு. மிச்சம் பிடிப்பது அவர், மாட்டிக்கொள்வது நாம். ஸ்டாம்புக் கட்டணமும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 2023 ஏப்ரல் முதல் நூற்றுக்கு 9 ரூபாய். அது சர்க்காரின் வழிகாட்டி மதிப்புக்குக் குறையாமல் கணக்கிடப்படுகிறது. 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண்கள் பேரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் ஒரு ரூபாய் குறைவு. வாங்குபவர் உண்மையிலேயே கட்டணத்துக்குக் கஷ்டப்படுகிறார் என்றால் மனைவி பேரில் பதியட்டும். பொய் எழுத வேண்டிய அவசியமில்லை.

நாலாவது கண்ணி, பட்டா மிரட்டல். விவசாயத் தொழிலாளர் பலருடைய மனை சர்க்கார் கொடுத்த இலவசப் பட்டா. அதில் இத்தனை காலத்துக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கலாம். சில இடங்களில் நிலமே பஞ்சமி நிலம். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீரின் அறிக்கைக்குப்பின், 1892 முதல் தாழ்த்தப்பட்ட மக்களுக்காக ஒதுக்கப்பட்ட நிலம் அது. அதை முதல் பத்து வருஷம் யாருக்கும் விற்கக் கூடாது; அதற்குப் பிறகும் அந்த மக்களுக்குள்ளேதான் விற்கலாம் என்பது நிபந்தனை. தரகர் இதைத் தெரிந்துகொண்டு, "உன் பட்டா செல்லாது, பத்திரம் பதிய முடியாது, ஆனாலும் பரவாயில்லை, பாதி விலைக்கு வெள்ளைத்தாளில் எழுதிக்கொடு" என்கிறார். எழுதிக்கொடுத்தால் வீடும் போகும், நிபந்தனையை மீறியதாகப் பட்டாவும் ரத்தாகலாம். நிபந்தனை உள்ள மனையை விற்காதீர்கள். நிபந்தனை நம்மைக் கட்டிப்போட வந்ததல்ல. நம் மனையைப் பணக்காரர் பறித்துக்கொள்ளாமல் இருக்கப் போட்ட வேலி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீடு அப்பா வழியாக வந்தது என்றால் அதில் பெண்பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. தமிழகத்தில் 1989 சட்டமும் பிறகு 2005இன் மத்திய சட்டமும் அதை உறுதி செய்திருக்கின்றன. "தங்கச்சிக்குக் கல்யாணத்துக்குச் செய்தாச்சே" என்று சொல்லி அவள் கையெழுத்தை விட்டுவிட்டு விற்பது அநியாயம் மட்டுமல்ல, வழக்குக்கும் வழி. வீட்டுப் பெண்கள் சம்மதமில்லாமல், அவர்களுக்குத் தெரியாமல், சாராயக் கடை வாசலில் பேசி முடிக்கப்படும் கிரயங்கள் எத்தனை குடும்பங்களைத் தெருவில் விட்டிருக்கின்றன என்பது நமக்குத் தெரியாததா?

ஏன் விற்க நேர்கிறது?

இதுவரை எப்படி விற்பது என்று பேசினோம். இனி, ஏன் விற்க நேர்கிறது என்று கேட்போம். ஏனென்றால் எந்தத் தொழிலாளியும் ஆசைப்பட்டு வீட்டை விற்பதில்லை.

2022 முதல் 2026 வரையிலான காலத்துக்கு மத்திய சர்க்கார் வகுத்த பேரிடர் நிவாரண விதியைப் பாருங்கள். சமவெளியில் ஒரு கெட்டி வீடு முழுக்க இடிந்தால் 1,20,000 ரூபாய். பாதி சேதமானால்? குறைந்தது நூற்றுக்கு 15 பங்கு சேதமான கெட்டி வீட்டுக்கு 6,500 ரூபாய்! மண்வீடானால் 4,000 ரூபாய். குடிசைக்கு 8,000 ரூபாய். பெஞ்சல் புயலுக்குப்பின் மாநில சர்க்கார் சேதமடைந்த குடிசைக்கு 10,000 ரூபாயும், விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி ஜில்லாக்களில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 2,000 ரூபாயும் அறிவித்தது. மாநிலம் உடனடி உதவியாக 2,000 கோடி கேட்டது. மத்திய சர்க்கார் 2024 டிசம்பர் 6இல் விடுவித்தது 944 கோடியே 80 லட்சம்.

6,500 ரூபாயில் என்ன பழுது பார்க்க முடியும்? ஒரு கொத்தனாருக்கும் ஒரு சித்தாளுக்கும் சில நாள் கூலி கொடுத்தால் தீர்ந்தது. சிமெண்டுக்கும் கம்பிக்கும் எங்கே போவது? முழுக்க இடிந்தால் ஓரளவு பணம். விரிசலோடு நின்றால் பிச்சைக்காசு. ஆனால் குடியிருக்க முடியாத வீடு நின்றால் என்ன, விழுந்தால் என்ன? இந்த 6,500க்கும் மூன்று லட்சத்துக்கும் நடுவே உள்ள பள்ளத்தில்தான் லேவாதேவிக்காரரும் தரகரும் கூடாரம் போட்டிருக்கிறார்கள். சர்க்கார் விட்டுவைத்த இடைவெளியே அவர்களுடைய மூலதனம்.

இது இன்று நேற்று நடப்பதல்ல. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் இதே கரையில் அடித்தது. அதன்பின் கடலூர், விழுப்புரம் ஜில்லாக்களில் குடிசைகளுக்குப் பதிலாகக் காங்கிரீட் வீடு கட்டித் தரும் திட்டம் வந்தது. புதுச்சேரியில் ஏஎப்டி ஆலையையும் அந்தப் புயல் சேதப்படுத்தியது. ஆலை மறுபடி தலைதூக்கவில்லை, 2020 ஏப்ரல் 30இல் கதவு நிரந்தரமாகவே மூடப்பட்டது. சேதமடைந்த ஆலையைச் சீர்செய்து ஓட்டப் பணமில்லை என்றார்கள். பழுதைப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்த ஆலையே சாட்சி. வேலை இழந்தவன் முதலில் நகையை விற்கிறான், பிறகு மாட்டை விற்கிறான், கடைசியில் வீட்டை விற்கிறான்.

என்ன செய்ய வேண்டும்?

விற்பதற்கு முன் நமக்கு வரவேண்டியதை வாங்க வேண்டும். சேதக் கணக்கெடுப்பில் பேர் விடுபட்டவர்கள் தெருவாரியாகப் பட்டியல் எழுதி, போட்டோவோடு, கிராம நிர்வாக அலுவலரிடமும் தாசில்தாரிடமும் மனுக் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். குடிசையை இழந்தவர்கள், கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் தங்கள் பேர் உண்டா என்று ஒன்றிய அலுவலகத்தில் கேட்க வேண்டும்; 2024இல் அந்த வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் என்று அறிவித்தார்கள், புயலில் குடிசை இழந்தவர்களுக்கு முன்னுரிமை என்றும் சொன்னார்கள். பழைய தொகுப்பு வீடுகளில் காரை உதிர்ந்து கம்பி தெரிய வாழ்கிறவர்கள், சர்க்கார் கட்டிய பழைய வீடுகளைச் சீரமைக்க அதே வருஷம் அறிவித்த திட்டத்தில் தங்கள் காலனி சேர்க்கப்பட்டதா என்று கேட்க வேண்டும். இன்று மனையை விற்றுவிட்டால், நாளைக்கு வீடு வந்தாலும் கட்ட இடமிருக்காது என்பதை மறக்க வேண்டாம்.

கோரிக்கைகளும் தெளிவாக இருக்க வேண்டும். பாதி சேதமான வீட்டுக்கு 6,500 என்ற கேலிக்கூத்து ஒழிய வேண்டும். பொறியாளர் மதிப்பிட்ட பழுதுச் செலவின் அடிப்படையில் நிவாரணம் வேண்டும். கூட்டுறவுச் சங்கங்கள் மூலம் வட்டியில்லாப் பழுதுக் கடன் வேண்டும். புயல் அடித்த வட்டாரங்களில் சில காலத்துக்குக் கிரயப் பதிவுக்குமுன் விற்பவருக்குச் சட்ட உதவி வக்கீல் பத்திரத்தைப் படித்துச் சொல்லும் ஏற்பாடு வேண்டும்.

இதெல்லாம் செய்தும் விற்றே தீரவேண்டிய நிலை வரலாம். பிள்ளை படிப்பு, வைத்தியம், வேலை தேடி வேறு ஊர் போவது என்று ஆயிரம் நியாயங்கள். விற்பவரை யாரும் குறை சொல்ல வேண்டாம். ஆனால் தனியாக விற்க வேண்டாம். ஒரு தெருவில் பத்து வீடு அடிபட்டிருந்தால் பத்துப் பேரும் உட்கார்ந்து தரைமட்ட விலையை முடிவு செய்யுங்கள். ஒருவர் நாலரைக்குக் கொடுத்தால் அதுவே நாளைக்கு மற்ற ஒன்பது பேருக்கும் விலையாகிவிடும். கூலி விஷயத்தில் இது நமக்குத் தெரியும்: ஒருவன் குறைந்த கூலிக்கு இறங்கினால் களத்து மேட்டில் எல்லோருக்கும் அதுவே கூலி. மனை விஷயத்திலும் அதே நியாயம்தான். பத்திரத்தில் கைநாட்டு வைப்பதற்கு முன்னால், படிக்கத் தெரிந்த பிள்ளை ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் அதை வரி வரியாக உரக்கப் படிக்கட்டும். படித்துக் காட்ட மறுக்கும் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

சுவர் விழுந்துவிட்டது என்பதற்காக மனையின் மதிப்பு விழுந்துவிடவில்லை. அந்த மனையை வாங்கிய உழைப்பும் விழுந்துவிடவில்லை. இடிந்த வீட்டின் உரிய விலையைக் கேட்பது நமது உரிமை. அந்த விலை கையில் வரும்வரை சாவி நம்மிடமே இருக்கட்டும்.